வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? வரி முடிவாவது பத்திரம் எழுதும் நாளில்

வருமான வரிக் கணக்கை ஜூலையில் தாக்கல் செய்கிறோம். அதனால் வரியும் ஜூலையில்தான் முடிவாகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வீடு, மனை விஷயத்தில் அப்படி இல்லை. பத்திரத்தில் என்ன தொகை எழுதுகிறீர்கள், எந்தத் தேதியில் எழுதுகிறீர்கள், யார் பெயரில் எழுதுகிறீர்கள் என்ற மூன்றும்தான் வரியைத் தீர்மானிக்கின்றன. பிறகு ஆடிட்டரிடம் போனால், எழுதி முடித்ததை அவர் படித்துக் கணக்குப் போடுவார். மாற்ற முடியாது.

தமிழ்நாட்டில் ஒன்று அல்லது இரண்டு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி. இதில் வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள். வங்கியிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் பழகிப்போனவை இவைதான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பணம் கட்டும்போது வருமான வரி இணையதளத்தில் அப்போதைய எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரத்துக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

55 லட்சம் ரூபாய்க்கு ஒரு மறுவிற்பனை ஃபிளாட். மாத வாடகை 18,000. வருஷத்துக்கு 2,16,000 வருகிறது. 55 லட்சத்துக்கு 3.9 சதவீதம் என்று தரகர் சொல்வார். அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

முதலாவது, உங்கள் செலவு 55 லட்சத்தோடு நிற்பதில்லை. முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம்: 4,95,000. வக்கீல் கட்டணம், தரகு எல்லாம் சேர்ந்தால் 60 லட்சத்தைத் தாண்டிவிடும். இரண்டாவது, 12 மாதமும் வாடகை வராது. குடித்தனக்காரர் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும். பெயின்ட், குழாய் ரிப்பேர் இருக்கும். ஒரு மாத வாடகை 18,000, ரிப்பேர் 12,000, சொத்து வரி 6,000 கழித்தால் கையில் நிற்பது 1,80,000. 60 லட்சத்துக்கு அது 3 சதவீதம்.

40 லட்சம் கடன் வாங்கினால், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்தால், தவணை மாதம் 34,713. வாடகை போக மாதாமாதம் 16,700 ரூபாய்க்கு மேல் சம்பளத்திலிருந்து போடவேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, 'வாடகையே தவணையைக் கட்டிவிடும்' என்று நம்பி வாங்குவது வேறு. வாடகை 3 சதவீதமும் கடன் 8.5 சதவீதமுமாக இருக்கும் இடத்தில் உங்கள் லாபம் முழுக்க விற்கும் நாளில்தான் இருக்கிறது. அதனால்தான் விற்கும்போது வரும் மூலதன ஆதாய வரியை வாங்கும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் சேரும். மலிவு விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம். கட்டி முடித்த சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சான்று வந்த பிறகும் பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் சான்றின் தேதியைக் காட்டிக் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருஷத்துக்கு எடுங்கள். பத்திரப் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் கவனிக்க வேண்டியது பெயர் மட்டும் இல்லை. முந்தைய உரிமையாளர் வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால் அது ஒரு பதிவாக வந்திருக்கும். கடனை அடைத்திருந்தால் அதற்கு எதிராக ஒரு ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். 'லோன் எப்போதோ முடிந்துவிட்டது, வங்கிக் கடிதம் இருக்கிறது' என்பார்கள். கடிதம் போதாது. ரசீது பதிவாகாத வரை வில்லங்கம் அப்படியே நிற்கும்; உங்கள் வங்கி கடனைத் தராது, நாளைக்கு உங்களிடம் வாங்குபவரின் வங்கியும் தராது. பதிவு செய்துகொடுக்கும் வேலை விற்பவருடையது, அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டுமே தெரியும். நீதிமன்ற வழக்கு, பதிவாகாத உயில், கையெழுத்துப் போடாத வாரிசு ஆகியவை தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சொத்து எப்படிக் கைமாறியது என்று வரிசைப்படுத்துங்கள். இடையில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் அடுத்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணமாகிப் போன மகளின் கையெழுத்துதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

பவர் வைத்திருப்பவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பதிவு நாளுக்குப் பக்கத்தில் மறுபடி பாருங்கள்.

பட்டா, மனைப் பிரிவு அங்கீகாரம், கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றை வக்கீல் பார்ப்பார். நீங்கள் நேரில் பார்க்கவேண்டியது ஒன்று: அனுமதி வரைபடத்தில் இருக்கும் மாடிகளும் வீடுகளும்தான் அங்கே நிற்கின்றனவா? மொட்டை மாடியில் ஒரு வீடு அதிகமாக ஏறியிருந்தால் உங்கள் பிரிக்கப்படாத மனைப் பங்கின் கணக்கும் சிக்கலாகிவிடும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அது கட்டாயம். அப்போதுதான் உங்கள் ஒப்பந்தமும் வில்லங்கத்தில் ஏறும், விற்பவர் அதே வீட்டை இன்னொருவருக்குக் காட்டி அட்வான்ஸ் வாங்குவது கடினமாகும்.

வங்கிக் கடன் அனுமதியாகாவிட்டால், அல்லது சட்டக் கருத்தில் குறை வந்தால், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எண் போட்டு எழுதுங்கள். 'பரஸ்பரம் பேசித் தீர்த்துக்கொள்வது' என்ற வரி யாருக்கும் உதவாது. மூலப் பத்திரங்களின் பட்டியல், சொத்து வரி, மின் கட்டணம், சங்கப் பராமரிப்பு பாக்கி எந்தத் தேதிவரை யாருடையது, வரிப் பிடித்தம் செய்துதான் பணம் தருவோம் என்ற வரி, இவையும் வேண்டும்.

பேரத்தில் விலையை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள், தேதியும் பேரம்தான். விற்பவர் அந்த வீட்டை வாங்கி 22 மாதம்தான் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மாதத்துக்குள் விற்றால் அவருக்கு அது குறுகிய கால ஆதாயம், அவருடைய வரி அடுக்கிலேயே விழும், 30 சதவீதம்கூட ஆகலாம். 24 மாதம் தாண்டி விற்றால் 12.5 சதவீதம். ஆதாயம் 8 லட்சம் என்றால் வித்தியாசம் 1,40,000. மூன்று மாதம் கழித்துப் பதிவு வைத்துக்கொள்ள நீங்கள் சம்மதித்தால், அதில் ஒரு பங்கை விலையில் குறைத்துக் கேட்பது நியாயமான பேரம். ஆனால் பதிவான ஒப்பந்தத்தின் பேரில் சாவியை முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். அப்படிச் சுவாதீனம் கொடுப்பதே சொத்து மாற்றமாகக் கருதப்படும். காத்திருந்ததன் பலன் போய்விடும்.

வழிகாட்டி மதிப்பு: வாங்குபவருக்கும் வரி வரும் இடம்

முத்திரைத் தீர்வை, பேசிய விலை அல்லது அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்கு. இது எல்லோருக்கும் தெரியும். அதே வித்தியாசம் வருமான வரியிலும் இரண்டு பக்கமும் வெட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

விலை 55 லட்சம், வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்றால் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் அடங்குகிறது, பிரச்சினை இல்லை. வழிகாட்டி மதிப்பு 62 லட்சம் என்றால் அந்த வரம்பான 60.5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போது விற்பவர் 62 லட்சத்துக்கு விற்றதாக 50சி பிரிவு கணக்கிடும். வாங்கிய உங்களுக்கோ வித்தியாசம் முழுவதும், அதாவது 7 லட்சம், 'இதர வருமானம்' ஆகிவிடும். வரம்பைத் தாண்டிய ஒன்றரை லட்சம் மட்டும் அல்ல, ஏழு லட்சமும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 2,18,400 ரூபாய். நல்ல விலைக்குப் படிந்தது என்று சந்தோஷப்பட்ட வீட்டுக்கு இப்படி ஒரு வரி வருகிறது.

தப்ப முறையான வழிகள் இருக்கின்றன. ஒப்பந்தத் தேதிக்கும் பதிவுத் தேதிக்கும் நடுவில் வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டால், ஒப்பந்தத் தேதி மதிப்பையே எடுக்கலாம். ஆனால் அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ ஒரு பகுதிப் பணமாவது காசோலை அல்லது வங்கி மாற்றம் மூலம் போயிருக்கவேண்டும். ரொக்கமாகக் கொடுத்த டோக்கன் இங்கே செல்லாது. வழிகாட்டி மதிப்பே அந்த இடத்துக்கு அதிகம் என்றால், மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி வரித்துறையிடம் கேட்கலாம். அப்படி வரி கட்ட நேர்ந்தாலும், பிற்காலத்தில் விற்கும்போது உங்கள் அடக்க விலை 62 லட்சமாக எடுத்துக்கொள்ளப்படும். அந்த ஆண்டுக் கணக்கின் நகலைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

'பத்து லட்சம் ரொக்கமாக, மீதி வெள்ளையில்'

இந்தப் பேச்சு வராத பேரம் குறைவு. விலை 55, பத்திரத்தில் 45 என்பார்கள். உங்களுக்கு மிச்சமாவது பத்து லட்சத்துக்கு 9 சதவீதம், 90,000 ரூபாய். அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

நீங்கள் விற்கும் நாளில் அடக்க விலை 45 லட்சம்தான். இல்லாத ஆதாயம் பத்து லட்சம் முளைக்கும், 12.5 சதவீதத்தில் 1,25,000 வரி. வங்கி 45 லட்சத்துக்கு ஏற்றபடிதான் கடன் தரும், மீதியைக் கையிலிருந்து புரட்ட வேண்டும். பேரம் முறிந்தாலோ சொத்துரிமையில் பிழை வந்து வழக்குப் போட்டாலோ, ரொக்கம் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. அந்தப் பத்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று வரித்துறை கேட்டால் விளக்கமில்லாத முதலீடு என்று தனி விகிதத்தில் வரி போடும். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அட்வான்ஸும் இதில் சேரும். விற்பவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பத்து லட்சத்தில் அவர் கட்ட வேண்டிய நீண்ட கால வரி சுமார் 1,25,000. அதை மிச்சப்படுத்தப் போய்ப் பத்து லட்சத்தைப் பணயம் வைக்கிறார். ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டால் விலக்கு தரும் 54-ஆம் பிரிவில் வீடு வாங்கப்போகிறவர் என்றால், பணத்தை வெள்ளையில் வாங்கினால் அந்த வரியே வராமலும் போகலாம். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு சதவீத வரிப் பிடித்தம்

விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் என்று நினைத்து 5,000 கட்டுகிறவர்கள் உண்டு. தவறு, 55 லட்சத்துக்கும் சேர்த்து 55,000. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 27.5 லட்சம்தானே என்ற வாதமும் செல்லாது: 2024 அக்டோபர் 1 முதல் மொத்தத் தொகையைத்தான் பார்க்கவேண்டும்.

பிடிக்கவேண்டியது ஒவ்வொரு தவணையிலும், டோக்கன் உள்பட. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள், இதுவரை 26க்யூபி என்று வழங்கிவந்த படிவத்தில் கட்டவேண்டும். வரிப் பிடித்தம் செய்பவர்களுக்கான டான் எண் தேவையில்லை, பான் போதும். இரண்டு பேர் வாங்கி இரண்டு பேர் விற்றால் நான்கு படிவம். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், வட்டி தனி. வங்கி தன் கடன் தொகையை விற்பவருக்கு நேராகக் கொடுத்துவிடும் என்பதால், அந்தத் தொகைக்கான ஒரு சதவீதத்தையும் உங்கள் கைப்பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

விற்பவரின் பான் ஆதாரோடு இணைந்து செயல்பாட்டில் இருக்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள். முடங்கிய பான் என்றால் பிடித்தம் 1 அல்ல, 20 சதவீதம். குறைத்துப் பிடித்த குற்றத்துக்கு நோட்டீஸ் வருவது வாங்கியவருக்கு.

விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரா என்பதையும் நேராகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த ஒரு சதவீத விதி பொருந்தாது. 50 லட்சம் என்ற வரம்பும் இல்லை. நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதற்கு மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் பிடிக்கவேண்டும். ஆதாயம் குறைவு என்று அவர் சொன்னால், குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை வரித்துறையிடம் வாங்கிவர வேண்டியது அவர் வேலை. அதற்கு வாரங்கள் ஆகும், ஒப்பந்தக் கெடுவை அதற்கேற்ப நீட்டுங்கள்.

வாடகை வருமானமும் வட்டியும்

மேலே சொன்ன வீட்டுக்கே வருவோம், 12 மாதமும் வாடகை வந்த ஆண்டு. வாடகை 2,16,000. நீங்கள் அந்த ஆண்டில் உண்மையிலேயே கட்டிய சொத்து வரி 6,000 கழியும். பாக்கி வைத்தால் கழியாது. மிச்சம் 2,10,000. அதில் 30 சதவீதம், 63,000, நிலையான கழிவு. ரிப்பேருக்கு நீங்கள் ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும் இதே 30 சதவீதம்தான்; பில் காட்டி அதிகம் கேட்க முடியாது. இப்போது 1,47,000. முதல் வருஷக் கடன் வட்டி சுமார் 3,37,000. நஷ்டம் 1,90,000.

பழைய வரி முறையில் இந்த நஷ்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம்வரை சம்பளத்தில் கழிக்கலாம், மிஞ்சியதை 8 ஆண்டு எடுத்துச் செல்லலாம். புதிய முறையில் வட்டி வாடகை வருமானத்தைப் பூஜ்யமாக்குவதோடு சரி. மீதி 1,90,000 சம்பளத்திலும் கழியாது, அடுத்த ஆண்டுக்கும் போகாது. எதுவும் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். 'வீட்டுக்கடன் வாங்கினால் வரி மிச்சம்' என்ற பழைய ஆலோசனையை நம்பி வாங்குவதற்கு முன் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

பெயர் விஷயம். பணம் முழுவதும் கணவனுடையது, பத்திரம் மனைவி பெயரில் என்றால், வாடகை கணவன் வருமானத்தோடுதான் சேரும். கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலும் பத்திரத்தில் பெயர் இல்லாதவர் வட்டிக் கழிவு கேட்க முடியாது. பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்திலேயே எழுதி, பணமும் அதே விகிதத்தில் அவரவர் கணக்கிலிருந்து போகும்படி பாருங்கள்.

குடித்தனக்காரரோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும் என்கிறது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம். அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் குடித்தனக்காரர் 2 சதவீதம் பிடிக்கவேண்டும்.

விற்கும்போது

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு கணக்கில் எது குறைவோ அது: பணவீக்கத்துக்கு ஏற்ப அடக்க விலையை ஏற்றி 20 சதவீதம், அல்லது ஏற்றாமல் 12.5 சதவீதம். 2012-13-ல் 25 லட்சத்துக்கு வாங்கி 2025-26-ல் 55 லட்சத்துக்கு விற்றால்: பணவீக்கக் குறியீடு 200-லிருந்து 376 ஆகியிருக்கிறது, அடக்க விலை 47 லட்சமாகிறது, ஆதாயம் 8 லட்சம், 20 சதவீதத்தில் 1,60,000. குறியீடு இல்லாமல் 30 லட்சத்துக்கு 12.5 சதவீதம் 3,75,000. முதல் கணக்குதான் லாபம். வீட்டின் விலை நன்றாக ஏறிய இடங்களில் இது தலைகீழாகும். அந்தத் தேதியிலோ அதன் பிறகோ வாங்கிய வீட்டுக்கு 12.5 சதவீதம் மட்டும். அடக்க விலையை ஏற்றிக்காட்ட இனி பணவீக்கம் உதவாது, பில்கள்தான் உதவும். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வங்கி வழியாகக் கொடுத்த தரகு, கூடுதலாகக் கட்டிய அறை எல்லாம் சேரும். பெயின்ட் அடித்தது சேராது. வாடகைக் கணக்கில் கழித்துவிட்ட வட்டியும் சேராது.

வரி வராமலிருக்க வழி, விற்பதற்கு ஓராண்டு முன்னாலோ இரண்டாண்டு பின்னாலோ இந்தியாவில் இன்னொரு வீடு வாங்குவது, அல்லது மூன்றாண்டுக்குள் கட்டி முடிப்பது. ஆதாயத் தொகையைப் போட்டால் போதும். புது வீடு விற்றவர் பெயரிலேயே இருக்கட்டும். மகன் பெயரில் வாங்கிவிட்டு விலக்குக் கேட்டால் வழக்காகும். அந்தப் புது வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றால் விலக்கு பறிபோகும். வீடு வாங்கவில்லையென்றால், அரசு நிறுவனங்கள் வெளியிடும் 54-இசி கடன் பத்திரங்களில் 50 லட்சம்வரை போடலாம், ஐந்தாண்டு எடுக்க முடியாது.

பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் தேதியில்தான். 54-இசி பத்திரத்துக்கு விற்ற நாளிலிருந்து ஆறு மாதம். வீடு வாங்க இரண்டு ஆண்டு இருக்கிறது என்று பணத்தைச் சேமிப்புக் கணக்கிலோ வைப்புநிதியிலோ விட்டுவைக்கக் கூடாது. கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதிக்குள் செலவாகாத ஆதாயத்தை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின் கீழ், அதற்கென வங்கியில் தனிக் கணக்குத் திறந்து போடவேண்டும். எல்லா வங்கிக் கிளையிலும் இந்தக் கணக்கு திறக்க மாட்டார்கள். ஜூலை கடைசி வாரத்தில் தேடி அலையாமல், விற்ற மாதத்திலேயே எந்தக் கிளை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.